அடிபம்பின் மேல் விழுந்த பழி

அம்மா ஒரு சட்டைக் காலரைக் கருக்கியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மேனாம்பேட்டில் எங்கள் இஸ்திரி வண்டி நின்ற அத்தனை வருடத்தில் அவள் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

சின்ன வயதில் அம்மை போட்டதில் அம்மாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் புரை வளர்ந்து, முந்தின வருடம்தான் ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்திருந்தார்கள். அந்த ஒரு கண்ணில்தான் எங்கள் சாப்பாடு ஓடியது.

"கண்ணு சரியா தெரியலையாம்மா?"

"இருட்டிகினு வருதில்ல, அதான்."

மணி நான்குகூட ஆகவில்லை. விடாமல் கேட்டதும் சொன்னாள். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். ஒன்று தெளிவாக, இன்னொன்று தண்ணீருக்குள் கிடப்பதுபோல. விளக்கைப் பார்த்தால் வளைவாக ஒரு கோடு மினுங்குகிறதாம். பல வாரங்களாக மறைத்து வைத்திருந்தாள்.

காரணம் அடிபம்பு. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா இறந்த பிறகும் அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தாள். அத்தை வெளியே போயிருந்த ஒரு நாள், வீட்டில் தண்ணீர் இல்லையென்று அம்மா இரண்டு குடம் அடித்துவிட்டாள். அன்றைக்கே தெருவுக்குக் கேட்கும்படி கத்திய அத்தை, இப்போது விஷயம் தெரிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

"தலப்பாடா அடிச்சிகினேனே, கேட்டியா? பம்பு அடிச்சி அடிச்சி லென்ஸு கழண்டுகினு கீது!"

"உள்ள இன்னா நட்டு போல்ட்டா கீது, கழல்றதுக்கு?" என்றாள் அம்மா. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். "பம்பு அடிச்சியான்னு டாக்டரம்மா கேட்டா, நான் இன்னா பதில் சொல்றது?"

அத்தையும் அதற்கு ஒத்து ஊதினாள். "ஒத்தக் கண்ணு. கெடச்ச வரைக்கும் லாபம்னு உடு. திரும்பக் கத்தி வெக்காதே."

"நீ வரலைன்னா நானும் பரீட்சைக்குப் போகமாட்டேன்" என்றேன். வெறும் மிரட்டல் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் காலை அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம்.

டாக்டரம்மா பம்பைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவே உளறிவிட்டாள். அவர் சிரித்தார்.

"பம்பு அடிச்சதால இல்லம்மா. லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள்ள இருக்கு. நூல் மாதிரி இழைங்க அந்தப் பையைச் சுத்திலும் பிடிச்சிட்டிருக்கும். சிலருக்கு அது முதல்லயே வலு கம்மி. உங்களுக்கு ஒரு பக்கம் விட்டுப்போச்சு, பையோட லென்ஸ் கீழ இறங்கிடுச்சு. லென்ஸ் வழியா பாதி பாக்கறீங்க, லென்ஸ் இல்லாம பாதி பாக்கறீங்க. அதான் ரெண்டு."

"இப்ப சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள் அம்மா. "இல்ல, வாணாம். எங்க நாத்தனார இட்டாறேன். அது காதுல உழறாப்பல சொல்லுங்க."

பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அப்படியே விட்டால் லென்ஸ் கண்ணின் பின்பக்கம் விழுந்துவிடலாம், அப்போது வேலை இன்னும் பெரிது. இப்போது செய்தால் அதை மேலே தூக்கி, முடியைவிட மெல்லிய நூலால் கண்ணின் வெள்ளைச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம். "ஆனா ஒரே கண்ணு. வாக்குக் கொடுக்க மாட்டேன்." கண்ணின் படம் வரைந்து நான் வகுப்பில் முதல் மார்க் வாங்கியிருந்தேன். அந்தப் படத்தில் லென்ஸ் தன் இடத்திலேயே இருந்தது.

அடுத்த முறை அத்தை வந்தாள். டாக்டரம்மா முழுவதையும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார்.

"அப்ப இத்தினி நாளா நான் கத்துனது?" என்றாள் அத்தை.

"சும்மா கத்துனது" என்ற அம்மா, அதே மூச்சில் டாக்டரம்மாவிடம், "தெச்சிடுங்க" என்றாள். திரும்பவும் கத்தி வைப்பதைவிட, தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்ற பேச்சுதான் அவளை அரித்திருக்கிறது.

ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் ஆம்பளை யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும் என்றாள் அத்தை. நான் போடுவேன் என்றேன். பார்வை போகவும் வாய்ப்புண்டு என்ற வரி உட்பட முழுவதையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு, "கோணாம போடு" என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு, எழுத்துத் தெரியாதவர்களுக்கான பலகை முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்று கால் வைத்த வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அம்மா கையால் காட்டினாள். மேல், கீழ், இடது. கடைசி வரிகள் வரவில்லை. "அதுங்கோ எறும்பாட்டம் கீது."

"எறும்பு ஒண்ணா, ரெண்டா?" என்றேன்.

"ஒண்ணுதான், போடி."

கண்ணாடி போட வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டு பழையபடி வண்டியில் நின்றாள். இனி பாரம் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள் காலை, பம்படியில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து அம்மா குடத்தோடு போனாள். அத்தை பின்னாலேயே தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "இரு, நான் அடிக்கிறேன்!"

அம்மா பம்பின் கைப்பிடியை விடவில்லை. தன் குடம் நிரம்பியதும் அதை நகர்த்திவிட்டு, அத்தையின் குடத்தை வாங்கி வைத்து அதையும் அடித்தாள்.