பங்குனி உத்திரத்தன்று வந்த பரீட்சை

பரீட்சைக்கு ஆள் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு வந்த கஷ்டம். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு நான் அழுத அழுகை சந்நிதியில் இருக்கிற தாயாருக்குத்தான் தெரியும்.

யுத்த காலம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டின பஸ்ஸில் திருச்சிக்குப் போய் மனோதத்துவத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பெண் காலேஜுக்குப் போகிறாள் என்று தெருவில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: "ஒரு தடவைதான். தவறினா ஜாதகத்தை எடுத்துடுவேன்."

அம்மா, "மனசைப் படிக்கறதுக்கு ஒரு காலேஜா? நன்னாயிருக்கு!" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சையில் செய்முறை உண்டு. சோதனைக்கு உட்கார ஓர் ஆளை நாமே அழைத்துப் போக வேண்டும். அவர் கண்ணைக் கட்டி, முன்கையில் கவராயத்தின் ஒரு முனையையோ இரண்டு முனைகளையுமோ மெல்ல வைத்து, "ஒன்றா, இரண்டா?" என்று கேட்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பரீட்சை எழுதின மாதிரியே ஆகாது.

அடுத்த வீட்டுக் கோமளம் வருவதாகச் சத்தியம் பண்ணியிருந்தாள். இரண்டு பேரும் இங்கிலீஷ் தேதியைப் பார்த்தோம், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள்தான் உறைத்தது, பரீட்சையன்று பங்குனி உத்திரம்! பெருமாளும் தாயாரும் சேர்ந்து சேவை சாதிக்கிற சேர்த்தி நாள், வருஷத்துக்கு ஒன்றே ஒன்று. ஸ்ரீரங்கத்தில் பிறந்துவிட்டு அதைக் கோட்டை விட்டோம் பாருங்கள்!

காலையில் கோமளம் வாசலில் நின்று கையை விரித்தாள். "சேர்த்தியன்னிக்கு ஊரைத் தாண்டினா எங்காத்துல காலை ஒடிச்சுடுவாடி."

அம்மா அடுப்படியில், யாரையும் தொடாமல் மடியாகத் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அழுதுகொண்டே, சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுவிட்டேன்.

வழியில் தாயார் சந்நிதிக்குப் போனேன். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியே நின்றே கையைக் கூப்பினேன். பெரிய பிரார்த்தனை எதுவும் வரவில்லை. "யாரையாவது அனுப்பும்மா" என்று மட்டும் கேட்டேன்.

காலேஜ் தாழ்வாரத்தில் மற்றப் பெண்கள் ஆளுக்கொருவரோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒண்டியாக நின்றேன். இன்னும் இரண்டு பேருக்குப் பிறகு என் முறை. அப்போது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. மடிப்புடவையோடு அம்மா இறங்கினாள்.

"ஆள் வேணும்னியே, நான் போறுமா?"

"அம்மா, மடி..."

"போனா போறது. ஒரு முழுக்குப் போட்டா வந்துடப் போறது. எங்கே உக்காரணும், சொல்லு."

மடியாக இருக்கும்போது பெற்ற பெண்ணையே கிட்ட விடாதவள். பரீட்சை அறையில் அன்னிய ஆண்கள் நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். பயத்தில் கவராயத்தை அந்தரத்தில் பிடித்தபடியே "ஒன்றா, இரண்டா?" என்றேன்.

"வெச்சாத்தானேடி சொல்றதுக்கு!"

பரீட்சகரே சிரித்துவிட்டார். என் பயம் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் காவேரியில் ஸ்நானம் பண்ணிவிட்டுச் சேர்த்தி சேவைக்கு நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டே விட்டேன். "படிப்பே உனக்குப் பிடிக்காதே. எப்படிம்மா வந்தே?"

"பிடிக்கலேன்னு யார் சொன்னா? நீ அழுதுண்டு போனதும், இவளுக்கு யாரையாவது அனுப்பும்மான்னு தாயாரைத்தான் கேட்டேன். அடுப்படியில வேற யார் இருக்கா? நான்தான் இருந்தேன். புறப்பட்டுட்டேன்."

கூட்டம் நெருக்கியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை.

நான் தேறினேன், இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். எல்லாம் தாயார் போட்ட பிச்சை. உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் கூசாமல் அவளிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கிற அதே நேரத்தில், உங்களுக்காக வீட்டில் இன்னொருத்தரும் கேட்டுக்கொண்டிருப்பார்.