வலது காது

உத்திரமேரூர் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்த அவருக்கு வலது காது மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். டியூபைத் தண்ணீரில் அமுக்குவதற்கு முன்பே, கண்ணை மூடிக் காதோரம் வைத்து, காற்று போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

நடவு வேலைக்கு நடந்து போன ஒரு பெண்ணை அவர் கடை முன்னால் மினி லாரி இடித்துக் கால் முறிந்துவிட்டது. இன்சூரன்ஸ் விசாரணைக்காக நான் போயிருந்தேன். ஹாரன் அடித்தும் அவள் ஒதுங்கவில்லை என்றார் டிரைவர். எதிர் டீக்கடையில் இருந்த மூன்று பேரும், "கண்ணால பாத்தோம், அப்படித்தான்" என்றார்கள்.

பஞ்சர் கடைக்காரர் தலை நிமிராமலே பேசினார்.

"நா பாக்கல சார். ரோட்டுக்கு முதுவ காட்டிக்கினு இருந்தேன். மொதல்ல பிரேக். அப்பால டமால்னு ஒரு சத்தம். அந்தப் பொண்ணோட சோத்துத் தூக்கு உருண்டு வந்து என் தண்ணித் தொட்டில முட்டிச்சி. அதுக்கு அப்பாலதான் ஹாரன்."

"அவங்க பார்த்தோம்னு சொல்றாங்களே?"

"ஹாரன் கேட்டுத்தான சார் திரும்பனாங்க."

படிவத்தில் 'நேரில் பார்த்த சாட்சி' என்று அச்சடித்திருந்தது. 'பார்த்த' என்பதை அடித்துவிட்டு 'கேட்ட' என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குத் திருப்தியில்லை.

"வெறும் கேட்டன்னு போடாத சார். எவனோ சொல்லிக் கேட்டன்னு ஆயிடும். காதால கேட்டன்னு போடு."

போட்டேன். அவர் மறுபடி கண்ணை மூடி டியூபைக் காதோரம் கொண்டுபோனார்.

இப்போதெல்லாம் யாராவது கண்ணால் பார்த்தேன் என்றால், எப்போது திரும்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.