பங்களாவில் எனக்கு எந்த ரூம்

திருப்பதியில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டுதான் நான் பார்ட்டி பாட்டுகள் எழுதுகிறேன். குடிப்பதில்லை, நீச்சல் தெரியாது, விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. என் பாட்டில் வருகிறவனோ ஷாம்பெயினில் கால் கழுவுவான், நிலாவுக்கு விலை கேட்பான்.

மனைவி எங்கள் ஊரான விஜயபுரத்தில் என் பெற்றோருடன் இருந்தாள். எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு; பஸ் பிடித்துப் போய், விடிந்ததும் திரும்பிவிடுவேன். மற்ற நாட்களில் லாட்ஜின் ஸ்டோர் ரூமில் படுக்கை. "திருப்பதியில எப்போ வூடு பார்ப்பே?" என்று போகும்போதெல்லாம் கேட்பாள். "ஒரு பாட்டு ஹிட் ஆவட்டும்" என்பேன். கல்யாணமானதிலிருந்து இதே பதில்தான்.

அன்று ஒரு பாட்டு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மெட்டுப் போடும் புத்தூர் நண்பன் காலையிலிருந்து போனில் பிராணனை வாங்கினான். "மச்சான், ஹீரோவோட பங்களாவுக்குள்ள இன்னா கீதுன்னு நாலு லைன் வேணும். இன்னும் ரிச்சா எழுது."

எனக்குத் தெரிந்த வசதியெல்லாம் பல்லவியிலேயே தீர்ந்துபோயிருந்தது. பெரிய காரில் வந்து இறங்கும் பணக்காரர்களைப் பார்த்து எழுதலாமென்றால், அவர்கள் மொட்டைத் தலையும் வெறுங்காலுமாகக் கவுன்டரில் நின்று, தெலுங்கில் ஒரு பக்கெட் வெந்நீர் கேட்கிறார்கள். வெந்நீரை வைத்துக்கொண்டு என்ன பார்ட்டி பாட்டு எழுதுவது? எரிச்சலாக வந்தது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தால் யாராவது சாவி கேட்டார்கள்.

கடைசியில் மனைவிக்குப் போன் போட்டேன். நிலத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு பெரிய பங்களா கெடைச்சா உள்ள இன்னா வெப்பே?"

அவள் யோசிக்கவே இல்லை. "மாடிக்கு லிஃப்ட்டு. பாத்ரூம்ல டிவி. பொடவைக்கு ஒரு ரூமு, செருப்புக்குத் தனி ரூமு. கட்டிலாண்டயே ஐஸ்கிரீம் ஃபிரிட்ஜு, படுத்துக்கினே துன்னலாம். உங்கம்மாவுக்குக் கீழ் போர்ஷன். லிஃப்ட்டு சாவி மட்டும் எங்கிட்ட."

மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். என் பேனாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. இவள் எத்தனையோ நாளாக அந்தப் பங்களாவில் குடியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாட்டு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "எனக்கு எந்த ரூமு?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு ரூமு? வாரத்துல ஒரு நாள் வர்ற ஆளு. ஹால்ல ஒரு பாய் போட்டா ஆச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவ்வளவு பெரிய வீட்டில் அவள் தனியாகவே இருந்து பழகிவிட்டாள்.

நண்பன் திரும்பத் திரும்ப அழைத்தான். நான் எடுக்கவில்லை. கவுன்டரை ரூம் பாயிடம் விட்டுவிட்டு, தெருமுனையில் வாடகை வீடு பார்த்துத் தரும் புரோக்கரிடம் போனேன். தமிழ் தெரிந்தவர்.

"எத்தினி ரூமு வேணும்?" என்றார்.

"ஒண்ணு போதும்ணா" என்றேன். "ரெண்டு பேரும் அதுலயே இருந்துக்கறோம்."