லாகூர்ப் புலி ‘அம்மா’ என்று கத்திய மாலை

ஒன்பது வருஷம் குஸ்தி போட்டேன். ஒரே ஒரு முறைதான் ஜெயித்தேன். அதை வெற்றி என்று சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது.

அப்போது பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கிக் காட்டும் திமிர் என்னிடம் உண்டு, பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும். ஒருநாள் பார்த்தவர், உல்லாசப் பூங்காவில் குஸ்தி மேடையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி.

“உடம்பு நல்லா இருக்கு தம்பி. ஆனா மூட்டை தூக்குற தமிழன்னு நோட்டீஸ் போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்? இனிமே நீ லாகூர்ப் புலி.”

“லாகூர் எங்க இருக்கு, முதலாளி?”

“எங்கயோ இருக்கு லா. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்.”

வீட்டில் சொன்னேன். மனைவி மீன் கழுவிக்கொண்டே, “லாகூருக்கு எந்தக் கப்பல்ல போறீங்க?” என்று கேட்டாள். ஆனாலும் மஞ்சள் துணி வாங்கி எனக்கு ஒரு மேலங்கி தைத்து, முதுகில் புலி ஒன்றும் போட்டுக் கொடுத்தாள். அது பூனை மாதிரி வந்திருந்தது. “தூரத்துல இருந்து பாத்தா தெரியாதுங்க” என்றாள்.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. எதிராளி ஒரு பேங்கின் வாசலில் காவல் நிற்கும் சீக்கியர். நிஜமாகவே பஞ்சாபில் மண்ணில் புரண்டு குஸ்தி கற்றவர். மேடைக்குப் பின்னால் நான் முதலாளி கொடுத்த தலைப்பாகையோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து பஞ்சாபியில் என்னவோ கேட்டார். ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு. எனக்கு வியர்த்துவிட்டது. முதலாளி குறுக்கே பாய்ந்து மலாய் மொழியில் சொன்னார்: “இவர் மௌன விரதம். ஒரு வருஷத்துக்குப் பேசமாட்டார்.”

சீக்கியர் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். நானும் சாமியார் மாதிரி கண்ணை மூடித் தலையசைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தலையசைப்புக்காகத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

ஆட்டம் தொடங்கி ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது. அவர் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினார். அரிசி மூட்டை கையை முறுக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஐயோ அம்மா! விடுங்கண்ணே!”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டேய், இது நம்ம தொங்கான் ஆளு லா!” சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆனால் சீக்கியர் சிரிக்கவில்லை. என் விரதத்தைத் தானே கலைத்துவிட்டதாக நினைத்துப் பதறி, கையை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கக் குனிந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்தது வேறு. குனிந்தவரைத் தள்ளி, மேலே விழுந்து படுத்துக்கொண்டேன். நடுவர் சிரித்துக்கொண்டே மூன்று எண்ணினார். லாகூர்ப் புலி ஜெயித்தது.

மறுநாள் காலை சீக்கியர் துறைமுகத்துக்கே வந்து நின்றார். முதுகில் மூட்டையோடு நான் அவரைப் பார்த்தேன். ஓட வழியில்லை. மலாயில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், “அடுத்த சனிக்கிழமை மறுபடி வா. பேசிக்கொண்டே போடலாம்” என்றார்.

போனேன். பேசத்தான் நேரமில்லை. ஏறிய வேகத்தில் கீழே கிடந்தேன். ஆனால் அன்று கூட்டம் இரண்டு மடங்கு. நான் கத்துவதைக் கேட்கவே வந்திருந்தார்கள். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். ஈப்போ, தைப்பிங் என்று எந்த ஊரில் எவர் கூப்பிட்டாலும் போய், ஏறி, கத்தி, தோற்றுவிட்டு ரயிலில் திரும்பினேன். பாதி ஊர்களில் என்னை வீழ்த்தியவர் அதே சீக்கியர்தான். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் விழும்போது எப்படி விழுந்திருக்க வேண்டும் என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டே வருவார்.

கடைசி ஆட்டம் நடக்கவே இல்லை. மேடைப் படிக்கட்டில் கால் வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது. அன்றைய எதிராளியான சீக்கியர் இன்னும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அவரே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மனைவி பதறி ஓடிவந்து, “யாரு இப்படிப் போட்டு அடிச்சது?” என்று கேட்டாள்.

நான் ஒரு பெரிய பயில்வானின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சீக்கியர், என்னிடம் கற்ற தமிழில், கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: “படிக்கட்டு, தங்கச்சி. மூணாவது படி.”