குட்மேய்ஸ் ரோசா

இருபது வயதில் லண்டன் வால்தம்ஸ்டோவில் இசைத்தட்டுக் கடையொன்றில் வேலைக்கு நின்றபோதுதான் லத்தீன் ஃப்ரீஸ்டைல் என்ற ஆட்டப் பாட்டு றொசாந்தியைப் பிடித்துக்கொண்டது. மெஷின் மேளம் குதிக்கும், காதல் தோற்றவள் அழுவாள், கேட்பவர்கள் ஆடுவார்கள். ரோசா என்ற பெயரில் மூன்று பாட்டு வெளியிட்டாள். ஒன்று ஒரு கோடை முழுக்கக் கிளப்புகளில் ஓடியது. மேடைக்கு வெளியே வாய் திறக்காதே, திறந்தால் ஸ்பானியக்காரி என்று ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்றான் மேனேஜர். சொந்தச் சனம் ஆட்டக்காரி என்றது. அதே சனம் கல்யாண வீடுகளில் இளித்துக்கொண்டு அவளோடு படமும் எடுத்தது. பிறகு கிளப்புகள் மூடின. அன்றிலிருந்து சூப்பர்மார்க்கெட்டின் ரொட்டித் தட்டுகளில் பாண் அடுக்குகிறாள்.

போன வருடம், பழைய பாட்டுகளுக்கென்றே இரவு நடத்தும் கிளப் ஒன்று அவளைத் தேடிப் பிடித்தது. கூட்டத்தின் முன் நேரடியாகப் பாடும் வீடியோ கேட்டது. குரல் இன்னும் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

கூட்டத்துக்கு எங்கே போவது? தம்பி துஷாந்தனின் மகள் லக்‌ஷிகாவுக்கு ரெய்னர்ஸ் லேன் ஹோலில், மண்டபம் நிறையச் சனத்தோடு, பூப்பெய்திய சடங்கான சாமத்திய வீடு வந்தது. காசில்லாமல் பாடுகிறேன், வீடியோவை மட்டும் தா என்றாள் தம்பியிடம். இந்தக் கூத்துகளைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். வீடியோக்காரர் கை காட்டினால்தான் ஆலாத்தி எடுப்பார்கள். சரியில்லை என்றால் பிள்ளை மறுபடி பல்லக்கில் ஏறவேண்டும். படத்தைக் கெடுக்குமென்று போன்களையும் இறக்கச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் பாடினாள். உச்சத்தில் குரல் உடையவில்லை. இறங்கி வந்து கழிவறையில் சந்தோசத்தில் அழுதாள்.

வீடியோ முடிந்து வர மூன்று மாதமானது. கிளப் தந்த கடைசி நாளன்று குட்மேய்ஸில் தம்பி வீட்டு டிவியில் போட்டார்கள். மேடையில் றொசாந்தி கையை விரித்தாள். சத்தமோ ஏதோ சினிமாப் பாட்டு.

"என்ர குரல் எங்க?"

"ஹோல் சத்தத்தை ஒருத்தரும் வைக்கிறேல்லை அக்கா. எல்லா வீட்டு வீடியோவும் இப்பிடித்தானே" என்றான் தம்பி.

அங்கேயே நின்று வீடியோக்காரருக்குப் போன் போட்டாள். எடிட் முடிந்ததும் ஒரிஜினலை அழித்துவிடுவோம் என்றார் அவர், மன்னிப்பு என்ற சொல்லே வாயில் வராமல்.

சோபாவில் இருந்தவர்கள் ரோல்ஸ் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். எண்ணெய் மின்னிய அந்த உதடுகளைப் பார்க்க அவளுக்கு அருவருத்தது. இவர்களை நம்பி வந்த தன்மேலும் அருவருத்தது.

"வாய் அப்பிடியே பொருந்துது மச்சாள்" என்றாள் தம்பி மனைவி கஜந்தினி. "இன்னொருக்காப் போடுங்கோ."

றொசாந்தி கோட்டை எடுத்தாள்.

"ஏன் கோவிக்கிறியள்?" துஷாந்தன் உண்மையாகவே கேட்டான். "இதையே அனுப்புங்கோவன் அக்கா. உங்கட குரலை விட இது நல்லாத்தானே கிடக்கு."