வேலியோரம் எடுத்த பாட்டு

கலியாண வீடியோ எடுப்பவனுக்குப் பிரியாணி கிடைக்கும். அரசியல் பாட்டுக்கு வீடியோ எடுப்பவனுக்குப் புத்திமதிதான் கிடைக்கும். இந்த வேலையில் அகப்பட்டுக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

மட்டக்களப்பு வாவிக்கரையில், என் கூட்டாளி கஜன்ட அப்பா தோணி கட்டும் துறையை இறால் பண்ணைக்கென்று முட்கம்பியால் அடைத்துவிட்டார்கள். பிரதேச செயலகத்தில் விசாரணை வரப்போகிறது. அதற்குள் ஊரெல்லாம் பேசினால் வேலி கழலும் என்று நம்பிக் கஜன் ஒரு பாட்டுக் கட்டினான். பாடுவது அவன், மற்ற எல்லாக் குரலும் நான். பள்ளிக்கூட அதிபர் முதல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரை என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள்.

சிரிக்கச் சொன்ன கமரா

காத்தான்குடி சலீம் நானா கலியாண வீடியோக்காரர். எங்கள் மேல் இரக்கப்பட்டு வந்தார். வந்த இடத்திலும் பழக்கம் விடவில்லை. கஜன்ட அப்பாவை வேலிக் கம்பியில் ஒரு கையை வைக்கச் சொன்னார். நாடியைக் கொஞ்சம் தூக்கி, மெல்லத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். “அண்ணன், இப்ப லேசா ஒரு சிரிப்பு!” மனுசன் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் தோணி கட்டும் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “தம்பி, என்ட கம்பு உள்ளுக்க நிக்கிது. நான் வெளிய நிண்டு எப்பிடிச் சிரிக்கிற?”

முதுகுகள்

துறைக்காரர் எல்லாரும் வேலி முன்னால் நின்று பல்லவியைப் பாட வேண்டும். வந்தார்கள். ஒத்திகையில் வாவி அதிரப் பாடினார்கள். சலீம் நானா கமராவைத் தூக்கியதும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நின்றுகொண்டார்கள். ஒருவருக்கு மகளின் அரசாங்க வேலை நியமனம் வர இருக்கிறது, இன்னொருவருக்கு வீட்டுத்திட்டம். அவரவர் பெண்சாதி குரலில் அதட்டியும் பார்த்தேன். முதுகு குலுங்கச் சிரித்தார்களே தவிர, திரும்பவில்லை. கடைசியில் மீனவர் சங்கத் தலைவர் முதுகைக் காட்டியபடியே சொன்னார்: “சத்தத்துக்கு நாங்க இரிக்கம் மனே. முகத்துக்கு வேற ஆக்களப் பாருங்க.”

ஐயாவின் வாக்கு

முதுகுகளையே எடுத்தோம். பாட்டின் நடுவில் ஐயா வேண்டும். ஐயா என்றால் எங்கள் பக்கத்து அரசியல்வாதி. போன தேர்தலில் இதே துறையில் நின்று அவர் கொடுத்த வாக்கை ஒருவரும் பதிவு செய்து வைக்கவில்லை. நான் மட்டும் தொண்டையில் வைத்திருந்தேன். முன்னால் ஒரு இருமல், பிறகு மூக்கால் ஒரு இழுவை: “என்ட உறவுகளே, நான் இருக்கும்வரை இந்தத் துறையில ஒருத்தனும் கை வைக்க ஏலாது!” அந்தச் சொல் முடிந்த கையோடு வேலியைக் காட்டுவதுதான் எங்கள் குத்தல்.

கஜன்ட அப்பா கண்ணை மூடிக் கேட்டார். மறுகா சொன்னார்: “அவர் சொல்லக்குள்ளயும் இப்பிடித்தான் மனே நெஞ்சு குளிர்ந்தது.”

பாட்டுக்குச் சொந்தக்காரர்

வீடியோ பரவியது. கஜன் தலைகால் தெரியாமல் துள்ளினான். அந்த வாரமே ஒரு தேர்தல் வாகனம் எங்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஐயாவின் வாகனம்! வேலி தெரிந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, என் இருமலையும் வாக்கையும் பல்லவியையும் மட்டும் வைத்திருந்தார்கள். வாகனத்துத் திரையில் அந்த முதுகுகள், ஐயாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சனக்கூட்டம் மாதிரியே இருந்தன.

விசாரணைக்குக் கஜன்ட அப்பா கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். அதிகாரி அவரை இருக்கக்கூடச் சொல்லவில்லை. “உங்கட பிரச்சினைய ஐயா பாட்டாவே போட்டுப் பேசுறாரே, இடையில நாங்க என்னத்துக்கு?”

ஒரு தொலைபேசி அழைப்பு

ஆத்திரம் தாங்காமல் ஐயாவின் அலுவலகத்துக்கு அழைத்து, பாட்டில் வருவது என் குரல் என்றேன். “ஐயாட குரல் எங்களுக்குத் தெரியாதா? போன வைங்க தம்பி” என்றார் செயலாளர். மறுபடி அழைத்தேன். இந்த முறை இருமினேன். “ஐயா!” என்ற குரலோடு, செயலாளர் எழும்பக் கதிரை இழுபடும் சத்தமும் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூக்கால் இழுத்து, “அந்த இறால் பண்ணை வேலிய இண்டைக்கே கழட்டச் சொல்லு!” என்றேன். மிகப் பணிவாக ஒரு கேள்வி வந்தது: “ஐயா, அதப் போடச் சொன்னதே நீங்கதானே ஐயா?”

ஊரில் உள்ள எல்லாக் குரலும் கைவசம் இருந்தும், இதைக் கஜன்ட அப்பாவிடம் சொல்ல மட்டும் எனக்கு ஒரு குரலும் வரவில்லை.