புது ரெசிஸ்டரை நம்பினேன்

வெள்ளிமலையில் எங்கள் ஜெப சபைக்காக, பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வு வைத்து, நானே ஒரு கிடார் ஆம்ப்ளிஃபையர் செய்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். அதை வடிக்கத்தான் ஒரு ரெசிஸ்டர் உண்டு. கள்ளக்குறிச்சியில் வாங்கிய புதுசு என்பதால் அதை மீட்டர் வைத்துப் பார்க்காமலே பற்றவைத்தேன்.

எந்தப் புதுப் பொருளையும் கைவைத்து ஜெபித்த பிறகே பயன்படுத்துவது எங்கள் வழக்கம். மூடி போடாத பெட்டியைச் சபையில் வைத்து, அதன் விளக்கு எரிகிறதா என்று ஒரு நொடி போட்டுப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

கிடார் வாசிக்கும் என் மச்சினன் தாவீது, "மாமா, கை வெக்கலாமா?" என்றான்.

"புடுங்கிட்டேன்டா, ஒண்ணும் ஆவாது."

கண்ணை மூடி ஜெபித்தவனின் விரல் உள்ளே பட்டது. தூக்கியடித்ததில் பெஞ்சு முனையில் மோதி இடது மணிக்கட்டு நொறுங்கியது. மலையிறங்கும் ஜீப்பில், "மாமா, வெரலு மடங்கலயே" என்று அழுதுகொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்து ரெசிஸ்டரை மீட்டரில் வைத்தேன். முள் அசையவில்லை. அது உள்ளே அறுந்தே வந்திருக்கிறது.

இப்போது புதுப் பொருளையும் சோதித்த பிறகே பற்றவைக்கிறேன். கண்டென்சரில் மின்சாரம் இல்லை என்று மீட்டர் காட்டும்வரை யாரையும் கிட்டே விடுவதில்லை. ஆம்ப்ளிஃபையர் நன்றாகவே பாடுகிறது. ஞாயிறுதோறும் அதன் எதிரே, மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு தாவீது உட்கார்ந்திருக்கிறான்.